டாக்டர் சீட்டில் இருக்கும் லத்தீன்

ராஜபாளையத்தில் ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். என் கைக்கு வரும் மருந்துச் சீட்டுகளில் மாத்திரையின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். அதை எத்தனை வேளை போட வேண்டும், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, எத்தனை சொட்டு, தினமுமா தேவைப்பட்டால் மட்டுமா என்பதெல்லாம் பெரும்பாலும் லத்தீனில்தான் இருக்கும். பி.டி., டி.டி.எஸ்., எச்.எஸ்., எஸ்.ஓ.எஸ். என்று ஓரத்தில் கிறுக்கியிருக்கிறதே, அதுதான். வாங்கிப் போகிறவர்களில் பலர் இதை டாக்டருக்கும் கடைக்காரருக்கும் நடுவில் ஓடுகிற ரகசியக் குறி என்றே நினைக்கிறார்கள். ரகசியம் எதுவும் இல்லை. ஒருமுறை உட்கார்ந்து தெரிந்துகொண்டால் உங்கள் வீட்டு பீரோவில் இருக்கும் எந்தச் சீட்டையும் நீங்களே படித்துவிடலாம். மாத்திரையை விழுங்கப் போகிற ஆளுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சீட்டின் தலையிலிருந்து தொடங்குவோம். இடது பக்கம் ஆர் எழுத்து போட்டு அதன் காலைக் குறுக்காக வெட்டியிருப்பார்கள். ஆர்.எக்ஸ். என்று நாம் வாசிக்கிறோம். அது உண்மையில் ஒரே எழுத்து. ‘ரெசிபே’ என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம். ஆங்கிலத்தில் ‘டேக்’, தமிழில் ‘எடுத்துக்கொள்’. இந்த ‘எடுத்துக்கொள்’ நோயாளியைப் பார்த்துச் சொன்னது இல்லை. மருந்து கலக்குகிறவரைப் பார்த்து வைத்தியர் சொன்னது. இன்ன சரக்கை இவ்வளவு எடு, இதை இவ்வளவு எடு. அடுத்த வரி ‘மிஸ்கே’, அதாவது கலக்கு. பிறகு ‘ஃபியட் மிஸ்டுரா’, மிக்சராக ஆகட்டும். கடைசியில் ‘சிக்னா’, புட்டியின் மேல் எழுது. அந்தக் கடைசி வரியில்தான் நோயாளிக்கான குறிப்பு வரும். சமையலுக்குச் சொல்கிற ரெசிப்பியும் இதே சொல்தான்.

அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வீட்டிலிருந்து காலிப் பாட்டில் கொண்டுபோன தலைமுறைக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து மிக்சரை ஊற்றி, பாட்டிலின் பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டிய காகிதத்தை ஒட்டித் தருவார். ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அதைப் பார்த்துச் சரியாகக் குடித்தாள். அந்தக் காகிதத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இப்போது யாரும் கலக்குவதில்லை. கம்பெனியிலிருந்து அட்டை அட்டையாக வருகிறது. ஆனால் அந்த ஆர்.எக்ஸ். அட்டையிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச் மருந்துகளின் லேபிளில் இடது மேல் மூலையில் ஆர்.எக்ஸ். இருக்க வேண்டும் என்பது விதி. அல்பிரசோலம் மாதிரி மனநிலை மருந்துகளில் அதற்கு முன்னால் ஒரு என் சேர்ந்து, சிவப்பில் என்.ஆர்.எக்ஸ். என்று இருக்கும். இன்னும் கடுமையான கட்டுப்பாடு உள்ள ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளில் எக்ஸ்.ஆர்.எக்ஸ். கையில் ஆன்டிபயாடிக் அட்டை இருந்தால் திருப்பிப் பாருங்கள். அந்தக் குறி இருக்கிற மருந்தை, “போன தடவை இதான் கொடுத்தாங்க, அதையே ஒரு அட்டை குடுங்க” என்று கேட்டு நான் தராவிட்டால் கோபப்படாதீர்கள்.

சரி, வேளைக் கணக்குக்கு வருவோம். டி.பார்ம் முதல் வருடத்தில் இந்த வாய்ப்பாட்டை எங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். பி.டி. என்பது ‘பிஸ் டியே’. பிஸ் என்றால் இரண்டு முறை, டியே என்றால் ஒரு நாளில். சிலர் நடுவில் ஐ சேர்த்து பி.ஐ.டி. என்று எழுதுவார்கள், ‘பிஸ் இன் டியே’, இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் ‘ட்வைஸ் எ டே’. டி.டி.எஸ். என்பது ‘டெர் டியே சுமெண்டும்’. டெர் மூன்று முறை, சுமெண்டும் என்றால் உட்கொள்ள வேண்டியது. ‘த்ரீ டைம்ஸ் எ டே’. சம்பளத்தில் பிடிக்கிற டி.டி.எஸ்.ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. க்யூ.ஐ.டி. என்றால் நான்கு வேளை, ‘குவாட்டெர் இன் டியே’. ஓ.டி. என்றால் ‘ஓம்னி டியே’, தினமும் ஒரு வேளை, ‘ஒன்ஸ் டெய்லி’.

இந்த ஓ.டி. எனக்குப் பிடிக்காத சுருக்கம். அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த ஒரு ஐயா அங்கே எழுதிக் கொடுத்த கண் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். அதில் ஓ.டி., ஓ.எஸ். என்று இரண்டு வரி. “ஓ.டி.ன்னா ஒரு வேளைன்னு நீதானம்மா சொன்ன, இது கண்ணாடி பவர்ல எங்க வருது?” என்றார். கண் மருத்துவத்தில் ஓ.டி. என்றால் ‘ஓகுலுஸ் டெக்ஸ்டெர்’, வலது கண். ஓ.எஸ். ‘ஓகுலுஸ் சினிஸ்டெர்’, இடது கண். ஓ.யு. என்றிருந்தால் இரண்டு கண்ணும். ஒரே இரண்டெழுத்துக்கு ஒரு டாக்டரிடம் ‘தினம் ஒரு முறை’, இன்னொரு டாக்டரிடம் ‘வலது கண்’. உலகம் முழுக்க மருந்துப் பாதுகாப்பு பற்றி எழுதுகிறவர்கள் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். வாயில் ஊற்ற வேண்டிய திரவம் கண்ணுக்குப் போகிற ஆபத்து இதில் இருக்கிறது. நம் ஊர்க் கண் டாக்டர்கள் பெரும்பாலும் ஆர்.இ., எல்.இ. என்று ஆங்கிலத்திலேயே போட்டுவிடுகிறார்கள். அது நல்லது.

அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தருகிற ஜாயின்ட் கமிஷன் 2004-ல், எழுதவே கூடாத சுருக்கங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் க்யூ.டி. இருக்கிறது. ‘குவாக்வே டியே’, தினமும் ஒரு முறை என்று பொருள். கையெழுத்தில் நடுவில் ஒரு புள்ளியோ கோடோ விழுந்தால் அது க்யூ.ஐ.டி. ஆகிவிடும். ஒரு மாத்திரை நான்கு மாத்திரை ஆகிவிடும். க்யூ.ஓ.டி. என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதையும் தடுத்துவிட்டார்கள். நம் ஊரில் இந்த இரண்டும் அதிகம் வருவதில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வருகிற சீட்டுகளில் பார்க்கிறேன். அப்போதெல்லாம் நோயாளியிடமே வாய் விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்கிறேன்.

எச்.எஸ். பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ‘ஹோரா சோம்னி’ என்பதன் சுருக்கம். சோம்னி என்றால் தூக்கத்தினுடைய. ஹோரா என்றால் நேரம். இந்த ஹோரா நமக்குப் புதிதில்லை. பஞ்சாங்கத்தில் சுக்கிர ஹோரை, குரு ஹோரை என்று பார்க்கிறோமே, அதுவும் இதுவும் கிரேக்கத்திலிருந்து இரண்டு பக்கமாகப் பிரிந்து போன ஒரே சொல்தான். அது லத்தீனுக்கும் போனது, சமஸ்கிருதம் வழியாக நமக்கும் வந்தது. ஆங்கிலத்தின் ‘ஹவர்’ அந்த வீட்டுப் பிள்ளைதான்.

எச்.எஸ். என்று இருந்தால் கடைகளில் கவரின் மேல் ‘இரவு’ என்று எழுதிவிடுவது வழக்கம். லத்தீன் அப்படிச் சொல்லவில்லை. தூங்கப் போகும் நேரம் என்றுதான் சொல்கிறது. எங்கள் ஊர் மில் ஊர். மூன்று ஷிப்ட் ஓடுகிறது. நைட் ஷிப்ட் பார்க்கிற தம்பி ஒருவன் தும்மலும் மூக்கொழுகலுமாக வந்தான். சீட்டில் செட்டிரிசின், எச்.எஸ். என்று இருந்தது. வேறொரு கடையில் ‘இரவு’ என்று எழுதிய கவரை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தான். முந்தின நாள் இரவு சாப்பிட்டதும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஸ்பின்னிங்கில் நின்றிருக்கிறான். “கண்ணைச் சொக்கிக்கிட்டு வருதுக்கா, மெஷின் பக்கத்துல நிக்க முடியல” என்றான். தூக்கம் வரவழைக்கிற மாத்திரை அது. தூங்கப் போகும்போது போடச் சொன்னதே அதற்காகத்தான். அவன் தூங்குவது காலை எட்டு மணிக்கு. ‘ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்து, படுக்கப் போகும்போது’ என்று எழுதிக் கொடுத்தேன். வாட்ச்மேன், நர்ஸ், பஸ் டிரைவர், ராத்திரியில் அமெரிக்காக்காரர்களோடு வேலை பார்க்கிற ஐ.டி. பிள்ளைகள், இவர்களுக்கெல்லாம் ‘இரவு’ என்ற ஒற்றைச் சொல் தவறான நேரத்தைக் காட்டிவிடும். டாக்டர் எழுதிய லத்தீன் சரியாகத்தான் இருக்கிறது. நாம் அதைத் தமிழாக்கும்போது கவனம் இல்லாமல் ஆக்கிவிடுகிறோம்.

எஸ்.ஓ.எஸ். என்பதைப் பார்த்துப் பயந்துபோய் வருகிறவர்கள் நிறையப் பேர். போனிலேயே இப்போது ஆபத்துக்கு எஸ்.ஓ.எஸ். பட்டன் இருக்கிறது அல்லவா? காய்ச்சலுக்குக் குழந்தையைக் காட்டிவிட்டு வந்த ஒரு அம்மா, சீட்டைக் கவுன்டரில் வைத்துக்கொண்டே, “ஏக்கா, எஸ்.ஓ.எஸ்.னு போட்டுருக்காரே, பிள்ளைக்கு ரொம்ப மோசமா?” என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. கப்பலில் இருந்து அனுப்புகிற எஸ்.ஓ.எஸ். வேறு. 1906-ல் பெர்லினில் நடந்த சர்வதேச மாநாட்டில், தந்தியில் தட்டவும் கேட்கவும் எளிதாக இருக்கும் என்று எடுத்துக்கொண்ட ஒலிக்கோவை அது. அதற்கு விரிவாக்கமே கிடையாது. சீட்டில் இருப்பது ‘சி ஓபுஸ் சிட்’. தேவை இருந்தால், ‘இஃப் நெசசரி’. காய்ச்சல் இருந்தால் கொடு, இல்லையென்றால் வேண்டாம் என்று அர்த்தம். பயப்படத் தேவையில்லாத செய்தியைத்தான் டாக்டர் எழுதியிருந்தார். பி.ஆர்.என். என்று ஆஸ்பத்திரிக் குறிப்புகளில் பார்த்திருப்பீர்கள், ‘ப்ரோ ரே நாட்டா’. அதுவும் ஏறக்குறைய இதே பொருள்தான்.

எஸ்.ஓ.எஸ்.ஸில் எனக்கு இருக்கிற குறை வேறு. தேவைப்பட்டால் என்று சொல்கிறதே தவிர, எதற்குத் தேவைப்பட்டால், எத்தனை மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை என்று சொல்வதில்லை. பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. 500 மில்லிகிராம் மாத்திரையில் கணக்குப் போட்டால் எட்டு. ஜலதோஷத்துக்கு வாங்குகிற கலவை மாத்திரையிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டே போனால் கல்லீரல் தாங்காது. ‘தேவைப்பட்டால்’ என்பதை ‘வலிக்கும்போதெல்லாம்’ என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இந்த மூன்றெழுத்தைப் பார்த்தால் நான் டாக்டரின் கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுவேன்.

ஏ.சி., பி.சி. இரண்டும் சாப்பாட்டு விஷயம். ‘ஆன்டே சிபும்’ உணவுக்கு முன், ‘போஸ்ட் சிபும்’ உணவுக்குப் பின். வலி மாத்திரை டைக்ளோஃபினாக் வயிற்றைப் புண்ணாக்கும், அதனால் பின். அமிலத்தைக் குறைக்கிற பான்டோப்ரசோல் முன். சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு அல்லது பின். தைராய்டு மாத்திரை தைராக்சின் காலையில் வெறும் வயிற்றில், டிபனுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. நமக்குச் ‘சாப்பாடு’ என்றால் சோறு. காலையில் எழுந்ததும் ஒரு டீ, கூட இரண்டு பிஸ்கட், அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. “வெறும் வயித்துலதான் போடுறேன் தாயி, டீ மட்டும்தான் குடிச்சேன்” என்று சொல்கிற பெரியம்மாக்களிடம் நான் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். காபியும் பாலும் தைராக்சினை உடம்பு உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். டீக்கும் முன்னால்தான் மாத்திரை. தண்ணீர் மட்டும். தைராய்டு அளவு ஏன் கட்டுக்குள் வரவில்லை என்று தவிக்கிற சில பேருக்கு, டோஸைக் கூட்டுவதற்கு முன் இந்த டீயைப் பற்றிக் கேட்டால் போதும்.

ஆன்டே, போஸ்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டால் இன்னும் பல சொற்கள் தாமாகத் திறக்கும். ஏ.எம். என்பது ‘ஆன்டே மெரிடியெம்’, நடுப்பகலுக்கு முன். பி.எம். ‘போஸ்ட் மெரிடியெம்’, நடுப்பகலுக்குப் பின். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணி அட்டையில் போடுகிற ஏ.என்.சி.யில் உள்ள ஆன்டிநேட்டல், பிறப்புக்கு முன். போஸ்ட்மார்ட்டம், இறப்புக்குப் பின். கடிதத்தின் அடியில் போடும் பி.எஸ்., எழுதி முடித்த பின். அதேபோல ‘பெர்’. பி.ஓ. என்று வார்டு சீட்டில் இருந்தால் ‘பெர் ஓஸ்’, வாய் வழியாக. ஓஸ் என்ற வாயிலிருந்து வந்ததுதான் ஓரல். ஆபரேஷனுக்கு முன் கட்டிலில் என்.பி.ஓ. என்று அட்டை தொங்கவிடுவார்களே, ‘நில் பெர் ஓஸ்’, வாய் வழியாக எதுவும் கூடாது. தண்ணீரும் கூடாது என்பது அதில் அடக்கம். பெர்சென்ட், பெர் ஆனம் எல்லாம் இதன் உறவுதான். வார்டில் நர்ஸ்கள் “ஸ்டாட் டோஸ்” என்பார்கள். ‘ஸ்டாட்டிம்’, உடனே. ஜி.டி.டி. என்றால் ‘குட்டே’, சொட்டுகள்.

வீட்டில் இருமல் டானிக் பாட்டில் இருந்தால் லேபிளின் கடைசி வரியைப் பாருங்கள். ஃப்ளேவர்டு சிரப் பேஸ் என்று போட்டு அதற்கு நேரே அளவு இருக்க வேண்டிய இடத்தில் க்யூ.எஸ். என்றிருக்கும். ‘குவாண்டும் சுஃபிசிட்’. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. மருந்துச் சரக்கை அளந்து போட்டபின், 5 மில்லி வரும்வரை சர்க்கரைப் பாகை ஊற்றி நிரப்பிக்கொள் என்று அர்த்தம். சர்க்கரை நோயாளிகள் அந்த வரியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ‘சுகர் ஃப்ரீ’ என்று தனியாகப் போடாத சிரப்பில் அந்தக் க்யூ.எஸ். பெரும்பாலும் சர்க்கரைதான்.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படிக்கிறவர்கள் குறைவு. படிக்கிறவர்களுக்கு ஒன்று. இ.ஜி., ஐ.இ. இரண்டையும் கலந்துவிடாதீர்கள். இ.ஜி. ‘எக்ஸெம்ப்ளி கிராட்டியா’, உதாரணத்துக்கு. ஐ.இ. ‘இட் எஸ்ட்’, அதாவது. வலி மாத்திரைகளோடு சேர்க்கக் கூடாது என்று எழுதி, இ.ஜி. போட்டு இபுப்ரோஃபென் என்றிருந்தால், அது ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. டைக்ளோஃபினாக்கும் கூடாது, அந்த வகையில் எதுவும் கூடாது. அதையே ஐ.இ. என்று படித்தால் இபுப்ரோஃபென் மட்டும்தான் கூடாது என்று ஆகிவிடும். ஒரு எழுத்தில் ஒரு குடும்பமே விட்டுப்போகும்.

மற்றபடி லத்தீன் நம் அன்றாடத்தில் எங்கெல்லாமோ இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வாங்கும் போனஃபைட் சான்றிதழ் ‘நல்லெண்ணத்தோடு’ என்ற ‘போனா ஃபிடே’. கோர்ட்டில் எக்ஸ்பார்ட்டி, அஃபிடவிட், தாமாக முன்வந்து எடுக்கும் சூமோட்டோ வழக்கு. அரசு ஊழியர்களுக்கு அட்ஹாக் போனஸ். அதையெல்லாம் வக்கீல்கள் எழுதட்டும். சீட்டு லத்தீனோடு நான் நிற்கிறேன், ஏனென்றால் அது உடம்புக்குள் போகிறது.

நம் நாட்டு மருந்துக் கடைக்கும் லத்தீன் உண்டு. சித்த மருந்து, ஆயுர்வேத மருந்து பாட்டில்களில் மூலிகைகளின் தாவரவியல் பெயரைப் பார்க்கலாம். நிலவேம்பு ஆண்ட்ரோகிராஃபிஸ் பானிகுலேட்டா. எட்டிக்கொட்டை ஸ்ட்ரிக்னோஸ் நக்ஸ்வாமிகா. ஆடாதோடைக்கு ஜஸ்டிசியா அடாதோடா. கடைசியில் உள்ளதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நம் பெயர் அப்படியே போய் லத்தீன் பெயராக உட்கார்ந்திருக்கிறது. இந்த வகை லத்தீனை நான் வேண்டும் என்றே சொல்வேன். ஆடாதோடை, ஆடுதொடா, அடுசா என்று ஊருக்கு ஒரு பெயர் இருக்கும்போது எந்தச் செடி என்று குழப்பமில்லாமல் சொல்ல ஒரு பொதுப் பெயர் தேவைப்படுகிறது. அது தெரிந்தவர்களுக்குள் பேசிக்கொள்வது. நோயாளியிடம் பேச வேண்டிய இடத்தில் அது ஏன் நிற்க வேண்டும்?

இந்தக் கேள்வி பழையது. லண்டனில் மருத்துவர் கல்லூரி என்ற வைத்தியர் சங்கம் 1618-ல் மருந்துகளின் செய்முறைத் தொகுப்பை லத்தீனில் வெளியிட்டது. லத்தீன் தெரியாதவனுக்கு அதில் ஒரு வரியும் புரியாது. நிக்கோலஸ் கல்பெப்பர் என்றொருவர், மருந்துக் கடையில் தொழில் பழகியவர், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துவந்தார். 1649-ல் அவர் அந்தத் தொகுப்பை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். கல்லூரிக்காரர்களுக்குக் கடும் கோபம். அதோடு விடவில்லை. 1652-ல் பக்கத்து வயலில் கிடைக்கிற செடிகளைக் கொண்டே என்னென்ன செய்யலாம் என்று குறைந்த விலையில் ஒரு நூல் போட்டார். அது இன்றைக்கும் அச்சில் இருக்கிறது. 37 வயதில் இறந்துபோனார். அவர் சொன்ன வைத்தியம் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் மருந்துக் கடைக்குள் நின்றுகொண்டு, வாங்குகிறவனுக்குப் புரிகிற மொழியில் இதைச் சொல்ல வேண்டும் என்று முடிவு எடுத்தாரே, அந்த முடிவுக்காக அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

தமிழில் இதைச் செய்தவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த டாக்டர். 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியம் பார்த்துக்கொண்டே தமிழ் படித்தார். ஆங்கிலத்தில் கற்றுக்கொடுத்துவந்த மேலை மருத்துவத்தை 1864 முதல் தமிழிலேயே கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். உடற்கூறு, அறுவை, பிள்ளைப்பேறு, மருந்தியல் என்று பாட நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களைத் தொகுத்தார். ஊர் மக்களிடையே வேலை பார்க்கப் போகிற வைத்தியன் ஊர் மொழியில் படிக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1884-ல் வூஸ்டரில் இறந்தார். தமிழர்களுக்கான மருத்துவ நற்செய்தி ஊழியர் என்று அவர் கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வெளிநாட்டுக்காரர் அறுவை சிகிச்சையையே தமிழில் சொல்லிக்கொடுத்திருக்கும்போது, ‘சாப்பாட்டுக்கு முன், காலை ஒன்று, இரவு ஒன்று’ என்று ஒரு கவரின் மேல் தமிழில் எழுத நமக்கு என்ன கஷ்டம்?

டாக்டர்கள் லத்தீனை விட்டுவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நெரிசலான ஓ.பி.யில் அவர்களுக்கு அந்த மூன்றெழுத்து உதவுகிறது, எனக்கும் பட்டென்று புரிகிறது. மருந்தின் பெயரைப் புரியும்படி, கூடுமானவரை பெரிய எழுத்தில், ஜெனரிக் பெயரில் எழுதச் சொல்லி மருத்துவக் கவுன்சில் 2016-லேயே விதியைத் திருத்தியது. பலர் இப்போது பி.டி.க்குப் பதில் 1-0-1 என்று போடுகிறார்கள், காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. எந்த மொழியும் தெரியாமலே புரிகிற அருமையான ஏற்பாடு அது. ஆனால் அதிலும் சாப்பாட்டுக் குறிப்பு இல்லை, நாள் குறிப்பு இல்லை.

நாள் குறிப்பு என்றதும் சொல்லியே ஆக வேண்டியது மெதோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்குத் தருகிற மாத்திரை. வாரத்துக்கு ஒரு முறைதான் போட வேண்டும். தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை பாதித்து உயிருக்கே ஆபத்து. உலகெங்கும் இதனால் இறந்தவர்கள் இருக்கிறார்கள். காரணம் பெரும்பாலும் வாரம் ஒரு முறை என்பதைத் தினம் ஒரு முறை என்று படித்ததுதான். நமக்கு மாத்திரை என்றாலே தினமும் போடுவது என்று பழகிப்போயிருக்கிறது. மூட்டு வீங்கி விரல் மடங்கிய ஒரு பாட்டி மாதா மாதம் பேரனை அனுப்பி இதை வாங்குவார். நான் மாத்திரையைக் கொடுக்கும் முன் பேரனிடம், “பாட்டி எந்தக் கிழமை போடுறாங்க?” என்று கேட்பேன். “செவ்வா”. “மத்த நாள்?” “இத போடக் கூடாது”. இந்த இரண்டு பதிலும் வராமல் அட்டையை வெட்ட மாட்டேன். கவரில் தடிமனான மையில் ‘செவ்வாய்க்கிழமை மட்டும்’ என்று எழுதி, அடியில் கோடு போடுவேன். டாக்டர் சேர்த்துக் கொடுக்கிற ஃபோலிக் ஆசிட் மாத்திரையை வேறு கவரில்தான் போடுவேன். இரண்டும் சின்ன மஞ்சள் மாத்திரையாக வந்துவிட்டால் போச்சு.

நோன்பு மாதத்தில் டி.டி.எஸ். சீட்டோடு வருகிற பாய்மார்கள், “பகல்ல தண்ணி கூட கிடையாதும்மா, மூணு வேளை எப்படி?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நானாகப் பதில் சொல்வதில்லை. டாக்டரிடம் பேசினால் பல மருந்துகளுக்கு ஒரு வேளை, இரண்டு வேளையில் முடிகிற மாற்று இருக்கும். சஹருக்கும் இஃப்தாருக்கும் பொருந்துகிற மாதிரி மாற்றித் தருவார். தானாக ஒரு வேளையை விட்டுவிடுவதோ, மூன்றையும் சேர்த்து இரவில் போடுவதோ மட்டும் வேண்டாம்.

எங்கள் கடையில் கவர் தீரப்போகிறது. பழைய கவரில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் மட்டும்தான். இந்த முறை முதலாளியிடம் பேசி மாற்றி அச்சடிக்கக் கேட்டேன், சரியென்று சொல்லிவிட்டார். காலை, மதியம், சாயங்காலம், தூங்கப் போகும்போது என்று நான்கு கட்டம். அதற்குக் கீழே ‘டீ, காபிக்கு முன்’, ‘சாப்பாட்டுக்கு முன்’, ‘சாப்பாட்டுக்குப் பின்’. அடுத்த வரியில் ஏழு கிழமைகளும், வட்டம் போட. கடைசியில் ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்று எழுதி மூன்று கோடு: எதற்காக, எத்தனை மணி நேரம் விட்டு, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை. சிவகாசியில் அச்சாகிக்கொண்டிருக்கிறது. வேறு கடைக்காரர்கள் யாராவது இதே மாதிரி அடிக்க நினைத்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், என்னிடம் கேட்க வேண்டியதில்லை.